தொட்டுப் பார்க்கிற சாச்சி

எங்கள் சாச்சியிடம், என் உம்மாவின் தங்கையிடம், எதை வேண்டுமானாலும் சொல்லலாம். அவர் நம்புவார் என்று மட்டும் எதிர்பார்க்கக் கூடாது.

"லைட்ட அணைச்சிட்டியா மகன்?" என்று கேட்பார். "அணைச்சிட்டேன் சாச்சி" என்பேன். "நல்லது" என்பார். பிறகு எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். அதில் கோபமோ குத்தலோ இருக்காது. பாண் ரொட்டி இன்றைக்குச் சுட்டதுதான் என்று கடைக்காரர் அல்லாஹ்மேல் ஆணையிட்டாலும் சாச்சி அதை அமத்திப் பார்த்துத்தான் எடுப்பார். யாராவது முகம் சுளித்தால் அவரிடம் எப்போதும் ஒரு பதில் இருந்தது.

"பொய் எண்டு நான் சொல்லல்ல. பாக்கோணும் எண்டுதான் சொல்றேன்."

பெருநாள் பிறை கண்டாயிற்று என்று ரேடியோவில் சொல்லி, பள்ளியில் தக்பீர் தொடங்கிய பிறகும் சாச்சி ஆலங்குடாக் கடற்கரையில் மேற்கே பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு வருஷம் வானமெல்லாம் மேகம். மறுநாள் வட்டிலப்பம் செய்தார், புது உடுப்பும் உடுத்தார், ஆனால் அன்றைக்கு முழுக்க அவருக்கு அது அரைப் பெருநாள்தான். தன்னுடைய நிக்காஹ்வின்போது சம்மதத்தைக் கேட்க வந்த பெரியவரிடம், "மாப்பிள்ளை சம்மதிச்சாரா எண்டு முதல்ல கேட்டுட்டு வாங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பினாராம். அந்த மாப்பிள்ளைதான் எங்கள் சாச்சா. உயிரோடு இருந்த காலத்தில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "ஆத்துல போட்டாலும் அளந்து போடு எண்டு சொல்லுவாங்க. உங்கட சாச்சி அளந்ததத் திரும்பவும் அளப்பா."

யுத்த காலத்தில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்களையெல்லாம் வெளியேறச் சொன்னபோது, கொஞ்ச நாளில் திரும்பலாம் என்று பெரியவர்கள் சொன்னதை நம்பி, உடுத்த உடுப்போடு வள்ளம் ஏறி வந்தவர் அவர். அதனால்தான் இந்தக் குணம் என்று, வந்து குடியேறிய கற்பிட்டியில் பலர் சொல்வார்கள். நானும் ஒரு காலம் அப்படித்தான் நம்பினேன். என் உம்மாவிடம் கேட்டால், "போடா, அவ தவழுற காலத்திலேயே அப்படித்தான்" என்கிறார். கூடப் பிறந்தவர் சொல்வதைத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். போன நோன்புக்கு முன் சாச்சி மௌத்தானபோது, கபுறுக்குழி சரியான ஆழம்தானா என்று எழும்பி வந்து பார்ப்பாரோ என்று எனக்குத் தோன்றியது. அழுகையோடு சிரிப்பும் வந்தது.

இந்தக் குணம் வீட்டில் தொந்தரவு. வாடியில் அது எங்கள் உயிரைக் காத்தது.

வாடி என்பது வீட்டுக்கும் கடலுக்கும் இடையில் இருந்த தகரக் கொட்டில். சாச்சா அங்கே வள்ளங்களின் எஞ்சின் திருத்தினார். கடைசிக் காலத்தில் ஒரு ஹோட்டல் கழித்துவிட்ட, கடலில் ஸ்கூட்டர்போல ஓட்டுகிற பழைய ஜெட்ஸ்கி ஒன்றை வாங்கி, உயிர் கொடுத்து, சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டார். அவர் போன பிறகு சாச்சிதான் அதை வைத்து நடத்தினார். கூடவே இருந்து கைகொடுத்த பழக்கத்தில் ஸ்பானர் பிடிக்கவும் காபரேட்டர் கழற்றவும் அவருக்கு வரும். ஆட்களோடு பேசுவது, ஜெட்ஸ்கியைக் கடலில் இறக்குவது எல்லாம் என் வேலை.

வள்ளத்து எஞ்சின் திறந்த வெளியில் இருக்கிறது. பெற்றோல் சொட்டினால் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். ஜெட்ஸ்கியின் எஞ்சின் அப்படியல்ல, சீட்டுக்குக் கீழே மூடிய வயிற்றுக்குள் இருக்கிறது. அங்கே பெற்றோல் கசிந்தால் ஆவி வெளியே போக வழியில்லாமல் அடியிலேயே கிடக்கும். அந்த நேரத்தில் ஸ்டார்ட் பொத்தானை அமத்தினால் ஒரு சின்னப் பொறி போதும், வெடித்துவிடும். அதனால் சாச்சி ஒரு சட்டம் வைத்திருந்தார். ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் சீட்டைத் திறந்து வைக்க வேண்டும். பிறகு அவர் வந்து மூக்கை நுழைத்து மணம் பார்ப்பார். காபரேட்டருக்குள் பெற்றோல் வருகிற ரப்பர் ஓஸ் சேருகிற இடத்தில் ஒரு சின்னப் பித்தளைக் குழாய் இருக்கும், நிப்பிள் என்போம். அதன் அடியை வெள்ளைத் துணி சுற்றிய விரலால் துடைத்துப் பார்ப்பார். நான் பார்த்துவிட்டேன் என்று சொன்னாலும் பார்ப்பார். புத்தளத்திலிருந்து வந்த ஒரு மெக்கானிக், தன் கண்ணுக்கு முன்னாலேயே அவர் துடைத்துப் பார்த்ததைப் பொறுக்காமல், குடித்த தேத்தண்ணியை அரைவாசியில் வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

மெக்கானிக் போனால் வேறு மெக்கானிக் வருவார். மாப்பிள்ளை போனால்?

சாச்சியின் ஒரே மகள் நுஸ்ரா. அவளுக்கு முதலில் பேசிய இடம் வண்ணாத்திவில்லுப் பக்கம். எல்லாம் சரி வந்து நாள் குறிக்கிற கட்டத்தில், மாப்பிள்ளை வேலை செய்கிற கடைக்குச் சாச்சி பஸ் ஏறிப் போய், உண்மையிலேயே அங்கேதான் வேலை செய்கிறாரா என்று பார்த்துவிட்டு வந்தார். அங்கேதான் வேலை செய்தார். ஆனால் விஷயம் அவர்கள் காதுக்குப் போய்ச் சம்பந்தம் முறிந்தது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. சந்தேகக்காரி வீட்டில் யார் பெண் எடுப்பார் என்றார்கள். நுஸ்ரா நெடுநாள் தாயோடு முகம்கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு பள்ளிவாசல்துறையில் ஒரு மீன்பிடிக் குடும்பத்திலிருந்து சம்பந்தம் வந்தபோது, தாயின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"உம்மா, இவரையாவது தொட்டுப் பாக்காம விடுங்க."

சாச்சி ஓம் என்றார். கலியாணமும் நடந்தது. அந்த வாக்கைக் காப்பாற்ற எங்கள் வழக்கமும் உதவியாக வந்தது. புது மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் வந்து இருப்பார். ஆனால் மாமியார் மருமகனோடு நேரே கதைக்க மாட்டார். அவர் வந்தால் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். சொல்ல வேண்டியதைக் கதவுக்குப் பின்னால் நின்று வேறு யாரிடமாவது சொல்வார். மருமகனும் மாமியின் முகம் பார்க்காமல் இன்னொருவரிடம் பதில் சொல்வார். இரண்டு பேருக்கும் கேட்கும், ஆனாலும் நடுவில் ஒரு ஆள் வேண்டும். எங்கள் வாடியில் அந்த ஆள் நான்.

மாப்பிள்ளை நல்ல மனுஷன். கடலில் வளர்ந்தவர், பயமில்லாதவர், சிரித்த முகம். எஞ்சின் வேலையும் தெரியும். வந்த கையோடு வாடியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து சாச்சி வாடிக்குள் காலடி வைக்கவில்லை. வீட்டுக்கும் வாடிக்கும் இடையில் இருந்த தென்னங்கிடுகு வேலிக்குப் பின்னால் நிற்பார். வாய் "சரி" என்று சொல்லும், விரல்கள் மட்டும் முந்தானைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருக்கும். எனக்கே பாவமாக இருந்தது.

உயிரைக் காத்த அந்தக் காலைக்கு முதல்நாளே தொடக்கம் வந்துவிட்டது. பின்னேரம் வேலிக்குப் பின்னால் நின்ற சாச்சிக்குப் பெற்றோல் மணம் பிடித்தது. காற்று அந்தப் பக்கம் அடித்திருக்க வேண்டும். மாப்பிள்ளை கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து என்னைச் சீட்டைத் திறக்கச் சொன்னார். வேலிக்கு அப்பால் நின்றே, ஓஸை அசைக்கச் சொன்னார். அசைத்தேன். பித்தளை நிப்பிள் தன் குழிக்குள் பல் ஆடுகிறமாதிரி ஆடியது. அடியில் ஈரம்.

"மருமகன்ட சொல்லு. நிப்பிள் ஆடுது, கழட்டிப் புதுசு போடோணும் எண்டு."

சொன்னேன். "செய்றேன் எண்டு மாமிக்குச் சொல்லுங்க மச்சான்" என்றார், கடையிலிருந்து வந்த மாப்பிள்ளை.

மறுநாள் காலை கடல் தட்டையாக இருந்தது. பக்கத்துக் கபானாக் குடிலில் தங்கியிருந்த கொழும்புக் குடும்பம் ஒன்று பிள்ளைகளோடு கரைக்கு வந்து காத்து நின்றது. எங்கள் வள்ளக்காரர்களும் அங்கே நின்றார்கள். மாப்பிள்ளை ஜெட்ஸ்கியைத் தண்ணீர் ஓரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். நான் வேலியைக் கடக்கும்போது சாச்சி மெதுவாகக் கூப்பிட்டார்.

"மருமகன்ட கேளு, புது நிப்பிள் போட்டாரா எண்டு."

போய்க் கேட்டேன். அவர் உயிர்காப்பு அங்கியைப் பூட்டிக்கொண்டே சொன்னார். "ஒழுக்கு நிண்டுட்டு எண்டு சொல்லுங்க."

திரும்பி வந்து சொன்னேன். சாச்சி வேலியின் கிடுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் கேட்டது அதில்லையே மகன்."

மறுபடி போனேன். "மச்சான், புதுசு போட்டீங்களா?"

"மச்சான், ஒழுகல்ல. நான் பாத்துட்டேன். போதும்தானே?" குரல் ஏறவில்லை. ஆனால் சிரிப்பு போய்விட்டது. பிறகு நுஸ்ராவைக் கூப்பிட்டார். கொழும்புக்காரர்களிடம் கொடுப்பதற்கு முன் ஒரு சுற்றுப் போய்க் காட்டுவதாகச் சொன்னார். நுஸ்ரா அபாயாவுக்கு மேல் அங்கியைப் போட்டுக்கொண்டு வெட்கத்தோடு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். கலியாணம் முடிந்து அவள் அப்படிச் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சாச்சி சந்தேகப்பட்டு ஒன்றும் இல்லாமல் போன தரங்கள் பலதைப் பார்த்தவன் நான். ஆனாலும் அந்த ஆடுகிற நிப்பிள் என் விரலில் இன்னும் இருந்தது. மாப்பிள்ளை மணிக்கட்டில் மாட்டியிருந்த சுருள் கயிற்றின் மறுமுனையை ஜெட்ஸ்கியில் செருகினார். அது செருகினால்தான் ஸ்டார்ட் வரும். பெருவிரல் பொத்தானுக்குப் போனது.

அப்போது எனக்குப் பக்கத்தால் சாச்சி நடந்து போனார். வேலிக்கு வெளியே, எல்லோருக்கும் முன்னால், முழங்கால் வரை தண்ணீரில். நேரே போய்ச் செருகிய கயிற்று முனையைப் பிடுங்கினார்.

"இறங்கு மகள்" என்றார். மகளிடம்தான் சொன்னார்.

நுஸ்ரா தாயைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. கண்ணால் கெஞ்சினாள். சாச்சி அசையவில்லை. இருவரும் இறங்கினார்கள். சாச்சி சீட்டைக் கழற்றினார், மூக்கை நுழைத்தார், துணியை விரலில் சுற்றிக் கையை உள்ளே விட்டார். கை வெளியே வந்தது.

துணி வெள்ளையாகவே இருந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

வள்ளக்காரர் ஒருவர் சிரித்துவிட்டார். மாப்பிள்ளையின் முகம் கறுத்துப்போயிற்று. சாச்சிக்கும் அவருக்கும் இடையில் கையெட்டும் தூரம்தான். ஆனாலும் அவர் என் பக்கம் திரும்பினார்.

"மாமிட்ட கேளுங்க மச்சான். விரல் நனைஞ்சுதா எண்டு."

சாச்சியும் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"இல்ல எண்டு சொல்லு."

மாப்பிள்ளை அங்கியையும் மணிக்கட்டுக் கயிற்றையும் கழற்றி, தண்ணீரை உதறி, அவற்றின் இடத்தில் ஒழுங்காகக் கொழுவினார். பிறகு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டார். அவர் கத்தியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. நுஸ்ரா தாய்க்கு முன்னால் வந்து நின்றாள்.

"உங்களுக்கு விரல் நனையோணும் உம்மா. அப்பத்தான் உங்களுக்குச் சந்தோஷம்." அவ்வளவுதான். அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள்.

நானும் சாச்சிமேல் எரிச்சலாகத்தான் இருந்தேன். இதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவர் கொழும்புக்காரர்களிடம் இன்றைக்கு இல்லை என்று சொல்லி அனுப்பினார். மற்றவர்களும் கலைந்த பிறகு, "இடுப்பளவு தண்ணிக்குக் கொண்டு வா, கயிறு கட்டு" என்றார்.

"காஞ்சுதானே இரிக்கி சாச்சி. இன்னும் என்ன?"

"கரையில காஞ்சிரிக்கி. கடலுக்கு அது தெரியுமா?"

சீட்டைத் திறந்தபடியே விட்டார். ஆவி போகக் காத்திருந்தார். ஒரு தகரப் பேணியில் கடல்தண்ணீர் அள்ளி நிப்பிளின்மேல் ஊற்றினார், மறுபடி அள்ளி ஊற்றினார். என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, தானே ஸ்டார்ட் பண்ணினார். நான் ஷஹாதத் கலிமாவை வாய்க்குள் சொல்லிக்கொண்டு நின்றேன். எஞ்சின் உறுமியது. முதலில் ஒன்றும் இல்லை. பிறகு நிப்பிளின் அடியில் பால்மாதிரி வெள்ளையாக ஒரு துளி. அது நழுவி விழுந்தது. அதன் பின்னாலேயே தெளிந்த பெற்றோல், துளியாக இல்லை, நூலாக.

சாச்சி எஞ்சினை நிறுத்திவிட்டார்.

சவர்க்காரம். மீன்பிடி வள்ளங்களில் பெற்றோல் டேங்கி கசிந்தால் உடுப்புத் தோய்க்கிற கட்டிச் சவர்க்காரத்தைத் தேய்த்து அடைப்பார்கள். பெற்றோல் அதைக் கரைக்காது, திறந்த வள்ளத்தில் நாள்கணக்காகத் தாங்கும். எங்கள் கடற்கரையில் அது எல்லோருக்கும் தெரிந்த கைவைத்தியம். மாப்பிள்ளை தன் வாப்பா செய்ததையே செய்திருக்கிறார். ஆனால் ஜெட்ஸ்கி ஓடும்போது அதன் வயிற்றுக்குள் கடல்தண்ணீர் தெறிக்கும். சவர்க்காரத்தைக் கரைப்பதற்கு அது போதும். கரையிலிருந்து தூரத்தில், மூடிய சீட்டுக்குக் கீழே, இருவரும் மேலே உட்கார்ந்திருக்கும்போது அது கரைந்திருக்கும். நடுவில் நிறுத்திவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் பண்ணியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்கு நினைக்கவே முடியவில்லை.

"நுஸ்ரா" என்று கத்த வாயெடுத்தேன். சாச்சி என் கையைப் பிடித்தார்.

"கத்தாத."

கரைக்கு வந்து மண்ணில் உட்கார்ந்தார். வெகுநேரம் வீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். தன்னுடைய பக்கம்தான் சரி என்று காட்ட இதைவிட நல்ல சாட்சி அவருக்கு ஆயுளில் கிடைத்ததில்லை. அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார்.

பிறகு வேலை தொடங்கியது. காபரேட்டரைக் கழற்றினார். நிப்பிளைத் திருகி இழுத்தெடுத்தார். குழியில் ஒட்டியிருந்த சவர்க்காரத்தையும் பழைய அழுக்கையும் ஊசியால் சுரண்டித் துடைத்தார். சாச்சாவின் பெட்டியிலிருந்து புது நிப்பிளை எடுத்து, பெற்றோலுக்கு இளகாத பசையைத் தடவி இறுக்கி, காயவிட்டார். காய்ந்த பிறகு புது ஓஸ், புதுக் கிளிப். கடைசியில் காபரேட்டரைத் தண்ணீர்ச் சட்டிக்குள் அமத்தி, சைக்கிள் பம்பால் காற்றடித்து, குமிழி வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. மறுபடியும் அடித்துப் பார்த்தார்.

"இப்ப போ" என்றார் என்னிடம். "மருமகன்ட சொல்லு. ஒண்ணும் ஒழுகல்ல, மாமிதான் பிழை, வரச் சொன்னா எண்டு."

"பொய்யா சாச்சி?"

"ஓம்."

"அவர் திரும்பவும் சவுக்காரம் தேச்சா?"

முந்தானைத் தலைப்பைத் திருகினார். "அத நான் பாத்துக்குவேன். முந்தி அவர் வரட்டும். நுஸ்ராட வாழ்க்கையத் திரும்பவும் நான் குழப்ப மாட்டேன்."

பள்ளிவாசல்துறைக்குப் போகும்போது மனசு பாரமாக இருந்தது. மாப்பிள்ளை தாய் வீட்டு வாசலில் வாப்பாவின் வலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வலையில் கை ஓடவில்லை. நான் சாச்சி சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் தலை நிமிர்த்தினார்.

"பிழை எண்டாவா? மாமியா? வாயால சொன்னாவா?"

"ஓம் மச்சான்."

அவர் என் முகத்தையே பார்த்தார். சாச்சியோடு நேரே ஒரு வார்த்தை கதைக்காத மனுஷன், அவரை எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"எவ்வளவு ஒழுகினது மச்சான்?"

என்னால் மறைக்க முடியவில்லை. "கடல்தண்ணி பட்டதும் சவுக்காரம் கரைஞ்சிட்டு. நூலா வந்திச்சு."

அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். "நுஸ்ராவ ஏத்தினேனே" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். உள்ளே தாய் என்னவென்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்றார்.

அன்று பின்னேரமே வந்துவிட்டார். நுஸ்ராவோடு என்ன கதைத்தார் என்று எனக்குத் தெரியாது. அடுத்த நாள் காலை நான் வாடிக்குப் போனபோது ஜெட்ஸ்கி தண்ணீர் ஓரத்தில் நின்றது. சீட்டு கழற்றி வைக்கப்பட்டிருந்தது. வேலிக்குப் பின்னால் சாச்சி நின்றார், என்னைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தார். எதையும் கேட்க வேண்டாம் என்று அர்த்தம். நடுவில் நிற்கப் போன நான் அப்படியே நின்றுவிட்டேன்.

மாப்பிள்ளை வேலியைப் பார்த்துத் திரும்பினார். என்னைப் பார்க்கவில்லை.

"மாமி" என்றார். "சீட்டத் திறந்து வெச்சிருக்கேன். வந்து பாருங்க."

நுஸ்ரா அடுப்படி வாசலுக்கு வந்துவிட்டாள். பிறகு சாச்சி முந்தானையை நன்றாக இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தார். தானே கழற்றி, தானே பூட்டி, தானே இரண்டு தரம் சோதித்த வேலை அது. இன்னொருவராக இருந்தால் மருமகன் கூப்பிட்ட மரியாதையே போதும் என்று சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருப்பார். சாச்சி மணம் பார்த்தார். கையை முழங்கை வரை உள்ளே விட்டுத் துடைத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, மருமகனை நேரே பார்த்து, முதல் தரமாக ஒரு வார்த்தை கதைத்தார்.

"பேணியில தண்ணி அள்ளிட்டு வாங்க மருமகன்."

அவர் பேணியை எடுத்துக்கொண்டு கடலுக்குள் இறங்கினார்.